ஜாக்கிரதை என்று நான் சொல்வது

அன்புள்ள மகனுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். போனை வைக்கும்போதெல்லாம் “ஜாக்கிரதை” என்கிறேன். பார்த்து வண்டி ஓட்டு என்று மட்டும் எடுத்துக்கொள்கிறாய் போலிருக்கிறது. நம் வேதாகமத் தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். “அசதியாயிராமல் ஜாக்கிரதையாயிருங்கள்” என்று ரோமர் 12:11-ல் வாசிக்கிறோமே, அங்கே அசதி உடம்புக் களைப்பு அல்ல, சோம்பல். ஜாக்கிரதை என்றால் ஊக்கமாக உழைப்பது. களைத்துப்போனவனை, அந்த நிருபத்தை எழுதின பவுல் அப்போஸ்தலன் கடிந்துகொள்கிறார் என்று நினைத்து மனம் நோகிறவர்கள் உண்டு. நீயும் அப்படி வாசித்துவிடாதே.

சோம்பேறி என்றதும் படுத்துக்கிடப்பவன்தான் நினைவுக்கு வருவான். கீல்முளையில் ஆடுகிற கதவுபோல அவன் படுக்கையில் புரளுகிறான் என்று நீதிமொழிகள் 26:14 சொல்கிறது. ஆனால் உன் வயதுக்காரர்களைப் பிடிப்பது பெரும்பாலும் அந்தச் சோம்பல் இல்லை. அதே நீதிமொழிகளில் 12:27-ஐ எடுத்துப் பார். சோம்பேறி தான் வேட்டையாடிப் பிடித்ததைச் சமைப்பதில்லையாம். அலைந்திருக்கிறான், ஓடியிருக்கிறான், பிடித்தும்விட்டான்! தோலை உரித்து, நறுக்கி, அடுப்பு மூட்டுவதுதான் பாக்கி. அது அலுப்பான வேலை, பார்த்துக் கைதட்ட ஆளும் இல்லை. அங்கே விட்டுவிடுகிறான், இறைச்சி நாறிப்போகிறது.

வேதவாசிப்பிலேயே இதைப் பார்க்கலாம். வேதத்தில் 1,189 அதிகாரங்கள். தினம் 3, ஞாயிற்றுக்கிழமை 5 என்றால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் 1,196. வருஷத்துக்குள் முடிந்துவிடும் கணக்குதான். ஆதியாகமம் 50 அதிகாரம் ஓடிவிடும். யாத்திராகமத்தில் 25-ஆம் அதிகாரத்திலிருந்து ஆசரிப்புக் கூடாரத்தின், அதாவது இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த கூடாரத்தின், முழக்கணக்கு, வேகம் குறையும். நாலாவது வாரம் முடியும்போது லேவியராகமம் வந்து நிற்கும்: பலி, தீட்டு, குஷ்டம். நின்றுபோகிறவர்கள் அதிகமும் அங்கேதான் நிற்கிறார்கள். பிறகு விட்ட ஐந்து நாளையும் ஒரே ராத்திரியில் 15 அதிகாரம் வாசித்து ஈடுகட்டப் பார்ப்பார்கள். மறுநாள் புத்தகத்தைத் தொடவே மனம் வராது. விட்டதைப் பென்சிலால் குறித்துவிட்டு, இன்றைக்கு உரிய மூன்றை வாசி. குறித்ததை லீவு நாளில் ஒன்றிரண்டாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆபீஸ் வேலையும் இப்படித்தான். “எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே” என்ற கொலோசெயர் 3:23-24 எல்லாருக்கும் மனப்பாடம். அது யாருக்கு எழுதப்பட்டது என்று 22-ஆம் வசனத்தைப் பார், வேலைக்காரராயிருந்த அடிமைகளுக்கு. அவர்களைப் பார்த்துத்தான் “பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்” என்கிறார் பவுல். எஜமான் சரியில்லை என்ற சாக்கு அங்கேயே அடிபட்டுப்போகிறது. உனக்கு இதன் அர்த்தம் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. யாரும் திறந்து பார்க்காத பைலில் கடைசி வரிவரை சரிபார். உன் தப்பை மற்றவர் கண்டுபிடிக்குமுன் நீயே போய்ச் சொல். ஒப்படைக்கும்போது எது முடிந்தது, எது பாக்கி என்று எழுதிக் கொடு. சம்பளம் வாங்கும் நேரத்தில் வேதம் வாசிப்பது பக்தி இல்லை, அது வேறொருவர் நேரம்.

“ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லியே வேலையைத் தள்ளிப்போடுவதும் ஒரு தந்திரம். நெகேமியா 4:9-ல் எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, திரும்பக் கட்டினவர்கள் ஜெபமும் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலுக்கு ஜாமக்காரரையும் வைத்தார்கள். அலங்கம் 52 நாளில் முடிந்தது. மூன்றாம் அதிகாரத்துப் பெயர்ப்பட்டியலைத் தாண்டிப் போய்விடாதே. 5-ஆம் வசனத்தில் தெக்கோவா ஊரார் கட்டுகிறார்கள். அவர்களுடைய பிரபுக்கள் அந்த வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை. அதைச் சாக்காக வைத்து அவர்களும் கையைக் கட்டியிருக்கலாம். 27-ஆம் வசனத்திலோ அதே தெக்கோவா ஊரார் இன்னொரு பங்கையும் கட்டுகிறார்கள். உன் டீமில் சும்மா இருப்பவனைப் பற்றி நீ புலம்பும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு வசனமும்தான் ஞாபகம் வரும்.

இன்னொன்று. வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற 2 தெசலோனிக்கேயர் 3:10-ஐ வேலை கிடைக்காதவன்மேல் வீசாதே. “மனதில்லாதிருந்தால்” என்றுதான் இருக்கிறது.

ராத்திரி ஒரு மணிவரை உட்காருவதையும் ஜாக்கிரதை என்று நான் சொல்லமாட்டேன். வேலை முடியட்டும், அப்புறம் ஓய்வெடுக்கிறேன் என்கிறாய். யாத்திராகமம் 34:21 விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட ஏழாம் நாள் ஓய்ந்திருக்கச் சொல்கிறது. ஒரு நாள் தப்பினால் கதிர் உதிர்ந்துவிடும் என்ற பயம் இருக்கும் சமயம் பார்த்துத்தான் அந்தக் கட்டளை. வாரத்தில் ஒரு நாள் மடிக்கணினியை மூடு. நீ தூங்கினாலும் உலகம் ஓடும். சங்கீதம் 127:2-ஐ வாசித்துவிட்டுப் படு.

உழைத்துத்தான் தேவனிடம் நல்ல பெயர் வாங்கவேண்டும் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம், ராஜா. எல்லாரையும்விட அதிகம் பிரயாசப்பட்டேன் என்று சொன்ன பவுல், அதே மூச்சில் “ஆகிலும் நான் அல்ல” என்று கிருபையைச் சொல்கிறார், 1 கொரிந்தியர் 15:10-ல்.

அடுத்த முறை பேசும்போது, பாதியில் நிற்கிற வேலை எது என்று ஒன்றே ஒன்று சொல். லேவியராகமத்தில் எத்தனையாவது அதிகாரம் என்றும் சொல்.

அன்புடன்,
அம்மா