மயில்கழுத்து நிறத்தில் ஒரு பல்லி

திருவான்மியூர்,
திங்கள் காலை

அன்புள்ள கோமதி,

பொங்கலுக்குப் பிறகு எழுதவே இல்லை. நேரில் வரும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். அண்ணிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணன் மகன் கார்த்தி பல்லி வாங்கப்போகிறான். சிரிக்காதே, பரீட்சை ஹாலில் கற்பகம் தலையில் விழுந்த ரகம் இல்லை. சுண்டுவிரல் நீளம், உடம்பெல்லாம் மயில்கழுத்து நீலம், வயிறு ஆரஞ்சு, தொண்டையில் கறுப்புக் கோடுகள். படத்தைப் பார்த்து நானே மயங்கி, பிறந்தநாளுக்குப் பாதிப் பணம் தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அட்வான்ஸும் போய்விட்டது.

அன்று ராத்திரி அதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்ததில் தூக்கம் போச்சு. தான்சானியாவில் கிம்போசா என்றொரு காடு. அங்கேயும் பக்கத்தில் ஓரிரு துண்டுக் காடுகளிலும் தவிர உலகத்தில் வேறெங்கும் இந்தப் பல்லி கிடையாது. கிம்போசாவே சுமார் 4 சதுர கிலோமீட்டர்தான். நம் கிண்டி பூங்கா 2.7, பார்த்துக்கொள்! அதற்குள்ளும் குடித்தனம் தாழை மரத்தில் மட்டும். கோவளத்தில் உன் தாவணியைக் கிழித்ததே, அதே சாதி. அந்த முள் மடல்களுக்குள் யார் கையை விடுவார்கள்? பிடிக்க வந்தவர்கள் மரத்தையே வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். பல்லியும் போச்சு, அது இருந்த வீடும் போச்சு. 2004 கடைசியிலிருந்து 2009 வரை ஒரே ஒரு கும்பல் மட்டும் 32,000க்கு மேல் பிடித்ததாம், எல்லாம் வெளிநாட்டுக் கண்ணாடித் தொட்டிகளுக்காக. 2012இல் அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர் என்று அறிவித்தார்கள். காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கக்கூடாது என்று 2016இல்தான் முடிவானது.

"இது பண்ணையில பிறந்தது அத்தை" என்கிறான் கார்த்தி. பண்ணையில் வளர்ப்பதும் உண்டுதான், அதை மறுக்கவில்லை. காகிதம் எங்கே என்றேன். 2022இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து இந்த மாதிரி உயிர்களை வீட்டில் வைக்கப் பதிவு வேண்டும். விற்கிற ஆளைக் கேட்டால் "அதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க மேடம்" என்று வாட்ஸ்அப்பில் பதில், கூடவே ஒரு கும்பிடு.

"நான் வாங்காட்டி வேற எவனாவது வாங்கப்போறான்" என்றான் பையன். கோமதி, அந்த நிமிஷம் எனக்குப் பதில் வரவில்லை. முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவள், வாயடைத்து நின்றேன். பணம் தரமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். நாலு நாளாக அவன் என்னோடு பேசுவதில்லை. அண்ணனோ, "ஒரு பல்லிக்கா இவ்வளவு?" என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் டப்பாவோடு வருகிறானாம். வனத்துறைக்குச் சொல்லலாம் என்றால், பையன் பெயரும் சேர்ந்து வந்துவிடுமோ என்று வயிற்றைக் கலக்குகிறது. உன் வீட்டுக்காரர் வக்கீலாயிற்றே, கேட்டுச் சொல். வெள்ளிக்கிழமைக்குள் போன் பண்ணு. மெசேஜ் வேண்டாம், என் போனை இப்போது கார்த்திதான் அதிகம் பார்க்கிறான்.

உன்,
வசந்தா