‘மேம், அது அப்படி இல்லை’ என்றவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

ஜூன் 30-ஆம் தேதியோடு என் வேலை முடிந்தது. கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஒன்பது வருஷம் கணித, அறிவியல் பிரிவுக்கு டீனாக இருந்தேன். வழியனுப்பு விழாவில் மூன்று நிமிஷம் பேசச் சொன்னார்கள். இங்கிலீஷில் எல்லாரும் பேசுவதையே நானும் பேசிவிட்டு, கேக்கை வெட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது, யாருக்கு எதற்காக நன்றி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது எனக்குத் தமிழில்தான் வரும். இதில் வருகிறவர்கள் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஒவ்வொருவராகக் காப்பிக்குக் கூப்பிட்டு, நானே வாசித்து அர்த்தம் சொல்வதாக இருக்கிறேன். பெயர் போடவில்லை. யார் யார் என்று அவரவருக்குத் தெரியும்.

ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஒரு விளக்கம். மதுரைக்காரர்களுக்கு டீன் என்றால் பெரியாஸ்பத்திரி டீன்தான். என் சித்தி ஒன்பது வருஷமும் என்னிடம் முட்டிவலிக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்த டீன் இல்லை, சித்தி. இங்கே கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டு வருஷப் படிப்புக்கான பொதுக் கல்லூரி. 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்ற ஊரில் ஆரம்பித்த வழக்கம். இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 இருக்கின்றன. நுழைவுத் தேர்வு கிடையாது, கட்-ஆஃப் கிடையாது. பதினெட்டு வயது ஆன யாரும் வந்து சேரலாம். மாநிலத்தில் குடியிருப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தின் அளவைக் கணக்கிடும் ஒரு அலகுக்கு, 46 டாலர். பள்ளிக்கூடம் முடிக்காத பிள்ளையும் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த லாரி டிரைவரும் ஒரே லேபில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல், வானியல் எல்லாவற்றுக்கும் வகுப்பு போடுவது, ஆள் எடுப்பது, பணம் கேட்டுச் சண்டை பிடிப்பது, லேபில் நச்சுப் புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட் இழுக்கவில்லை என்றால் மெக்கானிக்கைத் துரத்துவது, இதெல்லாம்தான் என் வேலை. பாடம் நடத்துவது மட்டும் இதில் இல்லை. டீனுக்கு மேஜை பெரிசு, கை சின்னது. நடந்தவை எல்லாம் மற்றவர்கள் கையால் நடந்தவை.

முதல் நன்றி, எங்கள் லேப்களின் மூத்த டெக்னீஷியனுக்கு. பிலிப்பைன்ஸ்காரர். என்னை ‘மேம்’ என்றுதான் கூப்பிடுவார். மரியாதை அந்த ஒரு சொல்லில் முடிந்துவிடும், மிச்சம் எல்லாம் உண்மை. 2019 அக்டோபரில் காற்று பலமாக அடித்த நாட்களில், காட்டுத்தீ பயத்தால் வட கலிஃபோர்னியாவின் பல பகுதிகளில் மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்தினார்கள். எங்களுக்குத் தகவல் வந்தது சாயங்காலம் நாலு மணிக்கு, இரவு கரண்ட் போகும் என்று. எங்கள் கட்டிடத்துக்கு ஜெனரேட்டர் இல்லை. மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் அந்த செமஸ்டருக்கு வேண்டிய என்சைம்கள், பக்கத்து ஃப்ரிட்ஜில் நுண்ணுயிர் வளர்ப்புத் தட்டுகள். நான் ஓடி வந்து பார்ப்பதற்குள் அவர் மூன்று கடை ஏறி இறங்கி, சொந்தக் காசில் முப்பது கிலோ டிரை ஐஸ், அதாவது கட்டியாக உறைந்த கார்பன் டை ஆக்சைடு, வாங்கிக் காரில் வைத்திருந்தார். நான் அதிகாரமாகச் சொன்னேன்: “எல்லாவற்றையும் பின்னால் இருக்கும் ஸ்டோர் ரூமில் அடுக்கிக் கதவை இறுக்கிச் சாத்திவிடுங்கள், குளிர் நிற்கும்.”

“மேம், அது அப்படி இல்லை” என்றார். ஒயிட் போர்டில் எழுதினார். ஒரு கிலோ டிரை ஐஸ் ஆவியானால் ஏறக்குறைய 540 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு. முப்பது கிலோவுக்கு 16,000 லிட்டர். ஜன்னல் இல்லாத அறை. “காலையில் கதவைத் திறந்து உள்ளே போகிறவன் மூச்சுத் திணறி விழுவான், வெளியே வர மாட்டான்.”

நான் வேதியியலில் எம்.எஸ்சி. கார்பன் டை ஆக்சைடு ஒரு மோல் 44 கிராம் என்று எத்தனை நூறு பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன்! காது சூடாகிவிட்டது. அவர் ஐஸ் பெட்டிகளை ஜன்னல் திறந்த தாழ்வாரத்தில் வரிசையாக வைத்தார். மூடியை இறுக்கவில்லை, இறுக்கினால் பெட்டி வெடிக்கும். ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டி, நிரப்பிய நேரத்தை எழுதினார். ஓவர்டைம் இரண்டு மணி நேரம்தான் போட்டிருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு மறுபடி வந்து நிரப்பிவிட்டுப் போனதை வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வாரம் ஒரு லேப்கூட ரத்தாகவில்லை.

இவரைப் பார்க்கும்போதெல்லாம் மதுரையில் நான் படித்த காலத்து லேப் அட்டெண்டர் ஞாபகம் வரும். சால்ட் அனாலிசிஸ் நாளில், சோதனைக்கு வேண்டிய வாயுவைத் தரும் கிப்ஸ் அப்பாரட்டஸைத் தயார் செய்துவிட்டு, அழுகின முட்டை நாற்றத்துக்கு நடுவில் பீடியைக் காதில் செருகிக்கொண்டு நிற்பார். லேபிள் மாறின பாட்டிலைத் தூக்கிப் பார்த்தே கண்டுபிடிப்பார். ‘அண்ணே’ என்று மட்டும்தான் கூப்பிட்டோம். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் பெயரைக் கேட்டதில்லை. அவருக்கும் இந்த இடத்திலேயே நன்றி.

அடுத்தது எங்கள் ஆபீஸ் அம்மா. எனக்கு முன்னால் நாலு டீன்களைப் பார்த்தவர், ஐந்தாவதாக என்னையும் பொறுத்துக்கொண்டார். பகுதிநேர ஆசிரியர்களில் யார் காலையில் எந்தக் கல்லூரியில் பாடம் எடுக்கிறார், 880-ஆம் நெடுஞ்சாலையில் நாலு மணிக்கு மேல் எவ்வளவு நேரம் மாட்டிக்கொள்வார், யாருடைய பிள்ளைக்கு எந்த நாளில் தெரபி, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. இந்த மாநிலத்தில் ஒரு பகுதிநேர ஆசிரியருக்கு முழுநேரப் பளுவில் 67 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டம். எங்கள் கணக்கில் முழுப் பளு 15 யூனிட், ஆகவே பத்து யூனிட் சொச்சம்தான் எல்லை. ஐந்து ஐந்தாக இரண்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, ஆள் கிடைக்கவில்லையே என்று நான் ஒரு யூனிட் லேபையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் ஆறு மணி, அந்த அம்மா தோளில் பையோடு திரும்பி வந்தார். “பதினொன்று” என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்து மாற்றினோம். அவர் இல்லாத வாரங்களில் நான் போட்ட அட்டவணைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

இப்போது கணக்கு ஆசிரியர். இவருக்கு நன்றி சொல்வேன் என்று 2018-இல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். 2017-இல் மாநிலம் ஏபி 705 என்ற சட்டம் போட்டது. அதுவரை, வருகிற பிள்ளைக்கு ஒரு தேர்வு வைத்து, எண்கணிதம், அதற்கு மேல் ஒன்று, அல்ஜீப்ரா, அதற்கு மேல் இன்னொரு அல்ஜீப்ரா என்று கீழ்ப்படியில் உட்கார வைப்போம். நாலு படி ஏறினால்தான் பல்கலைக்கழகம் ஏற்கும் பாடத்தைத் தொட முடியும். ஒவ்வொரு படியிலும் நூற்றுக்கு எழுபது பேர் தேறுவதாக வைத்துக்கொள்ளுங்கள், நல்ல விழுக்காடுதான். நாலாவது படி தாண்டும்போது மிச்சம் 24 பேர். இந்தப் பெருக்கலை வைத்துக்கொண்டுதான் நான் வாதாடினேன். சட்டமும் அதையே சொன்னது: ஒரே வருஷத்துக்குள் அந்தப் பாடத்தை முடிக்க வழி செய்; பள்ளிக்கூட மதிப்பெண்ணைப் பார்; தடுமாறுகிறவனுக்குப் பக்கத்திலேயே ஒரு துணை வகுப்பு வை.

அவர் எழுந்து, “உங்கள் பெருக்கல் சரி. பள்ளிக்கூடத்தை விட்டு முப்பது வருஷம் ஆனவனுக்கு எந்த மதிப்பெண்ணைப் பார்ப்பீர்கள்? அவனுக்குப் பின்னம் கூட்ட எங்கே சொல்லிக்கொடுப்பீர்கள்?” என்று கேட்டார். மூன்று கூட்டம் இதே கேள்வி. எனக்கு எரிச்சல். நான்காவது கூட்டத்துக்கு அவர் வரவில்லை. விலகிவிட்டார் என்று நினைத்தேன். புள்ளியியல் துணை வகுப்புக்குப் பாடம் தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். 2019 இலையுதிர்கால செமஸ்டரில் முதல் பிரிவை அவரே கேட்டு வாங்கி நடத்தினார். அதில் நிறையப் பிள்ளைகள் தேறினார்கள். ஆனாலும் அவர் தன் கேள்வியை விடவில்லை, விட்டிருக்கவும் கூடாது. 2022-இல் வந்த ஏபி 1705 அந்தக் கீழ்ப்படிகளை இன்னும் சுருக்கிவிட்டது. பின்னம் மறந்துபோன ஐம்பது வயதுக்காரர் இன்றைக்கும் எங்கள் கவுண்டருக்கு வந்து நிற்கிறார். அவருக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பெருக்கலில் நான் ஜெயித்தேன், ஆளைப் பார்த்ததில் அவர் ஜெயித்தார். ஐயா, நன்றி.

ஒரு மாணவிக்கும் எழுத வேண்டும். நான் டீனான இரண்டாவது வருஷம், மாலை நேர நுண்ணுயிரியல் வகுப்பில் பதினொரு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் எங்களுக்குப் பெரும்பாலான பணம் வரும். பதினைந்துக்குக் குறைந்தால் ரத்து என்று வழக்கம். ஒரு மின்னஞ்சலில் ரத்து செய்தேன், ஐந்து நிமிஷ வேலை. மறுநாள் மூன்று வரியில் ஒரு கடிதம். பகலில் முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. நர்சிங்குக்கு விண்ணப்பிக்க இந்த ஒரு பாடம்தான் பாக்கி. இனி அடுத்த வருஷம்தான். திட்டவில்லை, கெஞ்சவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லை. அதற்குப் பிறகு அந்த மாலை வகுப்பை எத்தனை பேர் சேர்ந்தாலும் நான் மூடவில்லை. ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட் கூட்டத்தில் கேள்வி வரும். அந்த மூன்று வரியை அச்செடுத்து ஃபைலில் வைத்திருந்தேன். அம்மா, நீங்கள் இப்போது எங்கேயோ வார்டில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

2020 மார்ச்சில் லேப்களைப் பூட்டியபோது, வீட்டுக்கே சோதனைப் பெட்டி அனுப்பலாம் என்று முடிவானது. டைட்ரேஷன் சோதனைக்கு, தோலை அரிக்கும் காரமான சோடியம் ஹைட்ராக்சைடு குப்பியும் வைப்போம் என்றேன். ஒரு இளம் ஆசிரியை, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை, வீடியோவில் கையைத் தூக்கினார்: “நம் மாணவர்கள் பாதிப் பேர் வீட்டில் தவழுகிற குழந்தை இருக்கிறது.” குப்பி போயிற்று. வினிகரில் சமையல் சோடாவைப் போட்டு, பொங்கிப் போகிற வாயுவால் குறைகிற எடையை அளக்கலாம் என்று அவரே வழியும் சொன்னார். சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு மின்னணுத் தராசை வீட்டுக்கு எடுத்து வந்தேன். இரண்டு வாரம் என் அடுக்களை வினிகர் நாற்றம். என் வீட்டுக்காரர், “இனிமேல் சாம்பாருக்கு உப்பு பத்து மில்லிகிராம்கூடப் பிசகாது” என்றதோடு சரி. காப்பியை ஹாலில் ஒரு ஸ்டூலின் மேல் போட்டுக் குடித்தார். பிறகு கார் நிறுத்துமிடத்தில் நின்று, வரிசையாக வந்த கார் ஜன்னல்களில் பெட்டியைக் கொடுத்த அத்தனை பேருக்கும், அந்த இளம் ஆசிரியைக்கும் நன்றி.

பகுதிநேர ஆசிரியர்களே, கார் டிக்கியையே ஆபீஸாக வைத்துக்கொண்டு மூன்று கல்லூரி ஓடுகிறவர்களே, நானும் நாலு வருஷம் அப்படி ஓடியவள்தான். அது தெரிந்தும் ஆகஸ்டில், செமஸ்டர் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, உங்கள் வகுப்புகளை எடுத்திருக்கிறேன். உங்களுக்கு நன்றியை விட மன்னிப்புத்தான் அதிகம் பாக்கி.

தமிழ்ப் பள்ளி அக்காமார்களே, “பையன் கம்யூனிட்டி காலேஜிலா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்களும் நீங்கள்தான், கோடையில் கால்குலஸ் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் அனுப்பியவர்களும் நீங்கள்தான். இரண்டுக்கும் சிரித்துக்கொண்டே நன்றி.

கடைசியாக ஒன்று, டெக்னீஷியனுக்கு. சாவி, லேப்டாப், பார்க்கிங் அட்டை எல்லாம் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தராசு பட்டியலில் இல்லை. இன்னும் என் அடுக்களையில், கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐந்து வருஷமாக நீங்கள் அதைத் தேடியிருப்பீர்கள், கேட்கவில்லை. திங்கட்கிழமை கொண்டு வருகிறேன். பேட்டரி மட்டும் புதிதாகப் போட வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் பழைய டீன்