முதல் பனியில் அவசரப்படாதவர்களுக்கு நன்றி

கனடாவின் ஒட்டாவா ஆற்றங்கரையில் கிச்சி சிபி குளிர்காலப் பாதையையும், ஆற்றுக்கு அக்கரையில் கட்டினோ பூங்காவின் ஸ்கீ பாதைகளையும் பனியை அமுக்கிப் போட்டுத் தரும் எல்லோருக்கும்,

வணக்கம்.

இந்தப் பாதைகளில் ஸ்கீ ஓடும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. ஆங்கிலத்தில் நன்றி சொல்வது லேசு. தமிழில் எழுதுவது எங்கள் ஆட்களும் வாசிக்கட்டும் என்றுதான். விடிய எழும்பிப் போனால் சீப்பால் வாரின மாதிரிக் கோடு கோடாய்ப் பாதை கிடக்கிறது. வானத்திலிருந்து அப்படியே விழுந்தது என்று நினைப்பவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள்.

முதல் நன்றி நவம்பரில் சருகு ஊதியவர்களுக்கு. கட்டினோ மலைக்காடு மேப்பிளும் பீச்சும் ஓக்கும் நிறைந்தது. மேப்பிள் இலை ஒக்டோபரில் கொட்டி முடிந்துவிடும். பீச்சும் ஓக்கும் அப்படியில்லை, காய்ந்த இலையைக் கொம்பிலேயே வைத்திருந்து பனி விழுந்த பிறகும் ஒவ்வொன்றாக உதிர்க்கும். கரும்பழுப்பு இலை வெயிலை உறிஞ்சி, தன்னைச் சுற்றியுள்ள பனியைக் கிண்ணம் போலக் குழித்துவிடும். அடியில் தடித்த சருகுப் படுக்கை இருந்தால் இன்னும் கரைச்சல்: பனியை இறுக்க இழுத்துப் போகும் உருளை அமுக்கும்போது சருகு மெத்தை போல அமுங்கி எழும்பும், மேலே உள்ள பனி இறுகவே இறுகாது. முறிந்த கொப்பு அகற்றி, மதகு வாய் துப்புரவாக்கி, கல்லுப் புரட்டி வைத்த வேலையெல்லாம் இதோடு சேர்த்தி. அடைத்த மதகு ஒன்று போதும், டிசம்பர் மழையில் தண்ணீர் பாதைக்கு மேலால் ஓடி, மறுநாள் முழுக்க ஐஸ்.

இனி உருளை ஓட்டியவர்கள். புதிதாக விழுந்த உலர் பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுத்தான். ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 100 கிலோ. நன்றாக அமுக்கிய பாதையில் அதே கன மீற்றர் 400 கிலோவை எட்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: முழங்காலளவு பனி என்று பிள்ளைகள் துள்ளுகிற 40 சென்ரிமீற்றர், உருளை போன பிறகு 10 சென்ரிமீற்றர். ‘இவ்வளவு விழுந்ததே, ஏன் இன்னும் ஸ்கீ ஓடும் தடம் போடவில்லை?’ என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

எப்போது அமுக்குவது என்பதற்கு எங்கள் ஆட்களுக்கு விளங்கும் ஓர் அளவு உண்டு. பிட்டுக்கு மா குழைக்கிற பதம். ஒரு பிடி பனியைக் கையுறைக்குள் பொத்திப் பிடித்தால் கட்டியாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும். பொத்தும்போதே மாவாகக் கொட்டுண்டால் குளிர் கூட. அமுக்கலாம், ஆனால் இறுக நேரம் எடுக்கும். பிழியத் தண்ணீர் வந்தால் இயந்திரத்தை எடுக்கவே கூடாது. அந்த ஈரப் பனியை அமுக்கி விட்டால் காற்றுப் போய்த் தண்ணீர் நின்று, இரவில் அப்படியே கண்ணாடிப் பாளமாக உறையும்.

இங்கேதான் உங்கள் பொறுமைக்கு நன்றி சொல்லவேண்டும். பனி நின்று, வெப்பநிலை இறங்கத் தொடங்கும் பின்னேரம் வரை காத்திருந்து, இரவோடு இரவாக ஓடுகிறீர்கள். உருளையும் இழுவைக் கருவியின் கத்தியும் பனித்துகளைக் கலைத்து நெருக்கி விடுகின்றன. பிறகு நடப்பது பனியின் சொந்த வேலை: தொட்டுக்கொண்டிருக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் சிறு பாலம் போட்டு, முறிந்த எலும்பு கூடுவது போல இறுகும். அதற்குச் சில மணித்தியாலம் யாரும் மிதிக்காமல் விடவேண்டும். இரவு போட்ட பாதை காலையில் கல்லுப் போல இருப்பதும், காலை எட்டு மணிக்குப் போட்ட பாதை பத்து மணிக்கே சோறு போலக் குழைவதும் இதனால்தான். ஸ்கீத் தடியை ஊன்றிப் பார்த்தால் தெரியும். முனை இரண்டு சென்ரிமீற்றர் இறங்கி நின்றால் இறுகிவிட்டது. முனைக்கு மேலுள்ள வட்டத் தட்டான கூடை வரைக்கும் இறங்கினால் இன்னும் இல்லை.

தடம் போடாமல் விட்டதற்கும் நன்றி. சும்மா சொல்லவில்லை. இரு ஸ்கீயையும் தடத்துக்குள் நேராக வைத்து ஓடும் கிளாசிக் ஓட்டத்துக்கான இரட்டைத் தடத்தின் ஆழம், சர்வதேச ஸ்கீ சம்மேளன விதிப்படி 2 முதல் 5 சென்ரிமீற்றர். இரு தடங்களுக்கும் இடையில், நடுவிலிருந்து நடுவுக்கு, 17 முதல் 30 சென்ரிமீற்றர். அடித்தளம் 6 சென்ரிமீற்றர்தான் இருக்கிறது, அதில் 4 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தடம் பதிக்கும் கட்டையை இறக்கினால் ஸ்கீக்குக் கீழே மிஞ்சுவது இரண்டு. பத்துப் பேர் ஓடினால் அதுவும் தேய்ந்து தார் தெரியும். கறுப்புத் தெரிந்த இடம் வெயிலில் சூடேறிச் சுற்றிவரத் தின்னும். காலையில் உள்ளங்கை அளவு இருந்தது பின்னேரம் பாய் அளவாகிவிடும். வேகமாக ஒரு தடத்தைப் போட்டுக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கலாம். நீங்கள் கட்டையைத் தூக்கியபடியே ஓடினீர்கள்.

இழுவையின் கத்திகளும் அப்படித்தான். ஸ்நோமொபைலுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கருவியில் முன்னுக்குக் கத்தி வரிசை, பின்னுக்குச் சீப்பு. நடுக்குளிரில் ஐஸை உடைக்கக் கத்தி இறங்கவேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் அதே கத்தி அரைச் சென்ரிமீற்றர் கூடுதலாக இறங்கினால் சரளையையும் மண்ணையும் கிளறி மேலே கொண்டுவரும். வெள்ளைப் பாதையில் மண் கலந்தால் ஸ்கீயின் அடிப்பக்கம் கீறுப்படும், பனியும் கெதியில் உருகும். இன்னொன்று, திரவத்தால் குளிரும் எஞ்சின் உள்ள ஸ்நோமொபைல், சங்கிலிப்பட்டி வாரி எறியும் தளர்ந்த பனியால்தான் தன் சூட்டைத் தணிக்கும். மெல்லிய பனியிலும் வெறும் ஐஸிலும் எறிய ஒன்றும் இல்லை, மெதுவாக இழுக்கும்போது எஞ்சின் கொதிக்கும். இடையிடையே நிறுத்தி, பக்கத்துப் பனியில் விட்டு ஆறவைத்து ஓடவேண்டியிருக்கிறது. 16 கிலோமீற்றர் ஆற்றங்கரைப் பாதையில் அதற்கு எவ்வளவு நேரம் போகும் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

கட்டினோ பூங்காவில் குளிர்காலத்துக்குக் காரை மறித்துவிட்டு வீதிகளையே ஸ்கீ பாதையாக்குவது, எங்களைக் கேட்டால், இந்த ஊரின் மிகப் புத்தியான ஏற்பாடு. தார் வீதியில் கல்லும் வேரும் இல்லை. 10 சென்ரிமீற்றர் இறுகிய பனி போதும். காட்டுக்குள் போகும் ஒற்றைப் பாதைக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு வேண்டும். ஆகவே ஷாம்ப்ளெய்ன் மேட்டுக்கு ஏறும் வீதி திறந்தபடியால் உள்பாதைகளும் திறந்திருக்கும் என்று நினைக்கக்கூடாது. சதுப்பு நிலத்தைக் கடக்கும் பாதைகள் கடைசியாகத்தான் தயாராகும். அங்கே முதல் பனி போர்வை மாதிரி நிலத்தைச் சூடாக வைத்திருக்கும், கீழே சேறு உறையாது. பனியில் புதையாத அகன்ற பனிச்சப்பாத்துப் போட்டு நடந்து அமுக்கினால் போர்வை மெலியும், குளிர் கீழே இறங்கும், சேறு உறையும். இயந்திரம் போக முதல் அதைக் காலால் செய்தவர்களை நாங்கள் மறக்கவில்லை.

மரப்பாலங்களில் மண்வெட்டியால் பனி அள்ளிப் போட்டவர்களுக்கு வேறாக ஒரு நன்றி. காற்று அடியாலும் மேலாலும் போவதால் பலகையில் பனி நிற்காது. ஆற்றங்கரையிலும் காற்று வழித்துக்கொண்டு போன திட்டுகளுக்கு, பள்ளத்தில் ஒதுங்கிய பனியைத்தான் கொண்டுவந்து நிரப்பவேண்டும்.

நிலவர அறிக்கை எழுதுபவர்களே, ‘மெல்லிய மூடல், இறக்கத்தில் கல் தெரிகிறது, பழைய ஸ்கீ கொண்டு வாருங்கள்’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறீர்கள். ‘அருமை’ என்று போட்டுவிட்டால் ஆட்கள் வருவார்கள், அடிப்பக்கம் கிழிந்து திரும்புவார்கள். எத்தனை மணிக்கு, என்ன வெப்பநிலையில் போட்டது என்று நீங்கள் தரும் இரண்டு எண்களை வைத்தே ஸ்கீக்குப் பூசும் மெழுகைத் தெரிவு செய்கிறோம்.

ஆற்றங்கரைப் பாதை போடும் இயந்திரத்தின் பெற்றோலுக்குக் காசு கொடுத்தவர்களுக்கும், நாயோடு நடந்தாலும் ஓரத்தை விட்டு நகராத அயலவர்களுக்கும் நன்றி. ஈரப் பனியில் பதிந்த ஒரு சப்பாத்துத் தடம் இரவில் உறைந்தால், அடுத்த பனி விழும் வரை கணுக்காலைப் பதம் பார்க்கும் குழி அது.

எங்கள் பக்கத்தில் செய்யக்கூடியதைச் செய்கிறோம். மழைக்கு அடுத்த நாள் போகமாட்டோம். விடியப்புறம் போட்ட பாதையில் இறுகும் வரை இறங்கமாட்டோம். வாகனத்தில் ஒரு மண்வெட்டி இருக்கும். பாலத்தில் பலகை தெரிந்தால், தாண்டிப் போக முதல் பத்து வாரி அள்ளிப் போடுவோம்.

இப்படிக்கு,
ஒட்டாவா, கட்டினோ தமிழ் ஸ்கீ குடும்பங்கள்