பிர்க்கிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஸ்கீயும் மெழுகும் வேண்டும்

மினசோட்டாவிலும் விஸ்கான்சினிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வணக்கம்.

எங்கள் கல்லூரியின் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ (மேடு பள்ளமான பனிப்பாதையில் கோல் ஊன்றித் தள்ளிச் சறுக்கும் நெடுந்தூர ஓட்டம்) அணி இந்தப் பருவத்தின் கடைசிப் போட்டியாக அமெரிக்கன் பிர்க்கெபைனருக்குப் போகிறது. எல்லோரும் பிர்க்கி என்று சொல்வார்களே, அதுதான். பிப்ரவரிக் கடைசியில், வட விஸ்கான்சினில் கேபிள் ஊருக்குப் பக்கத்தில் தொடங்கி ஹேவர்ட் ஊரின் மெயின் ஸ்ட்ரீட்டில் முடியும் 50 கிலோமீட்டர் போட்டி. 12 மாணவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். இவர்களுக்காக 9,000 டாலர் திரட்ட, பெற்றோரும் பழைய மாணவர்களுமாகிய நாங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறோம்.

இது மாணவர்களே நடத்தும் கிளப் அணி. உதவித்தொகை கிடையாது, சம்பளப் பயிற்சியாளர் கிடையாது. அணியில் பாதிப் பேர் பள்ளியிலேயே ஸ்கீ பழகியவர்கள். மற்றவர்கள் கல்லூரிக்கு வந்த பிறகுதான் முதன்முதலாக ஸ்கீயைக் காலில் மாட்டினார்கள். 2024 பிப்ரவரியில் மினியாபொலிஸின் தியோடர் வெர்த் பூங்காவில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தபோது, சொந்த மாநிலத்துப் பெண்ணான ஜெஸ்ஸி டிக்கின்ஸ் போட்டியிடுவதைப் பார்த்துவிட்டு இந்த விளையாட்டுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். கிராஸ் கன்ட்ரி ஸ்கீயில் அமெரிக்காவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை 2018இல் கிக்கன் ராண்டலுடன் சேர்ந்து வென்றவர் அவர்.

கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் 5 முதல் 20 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். 50 கிலோமீட்டர் வேறு விஷயம். காட்டுக்குள் மேடும் பள்ளமுமாகப் பாதை ஓயாமல் ஏறி இறங்கும். கடைசியில் உறைந்த ஏரியைக் கடந்துதான் ஊருக்குள் நுழைய வேண்டும். லாரியில் பனியைக் கொண்டுவந்து கொட்டி மூடிய கடைத்தெருவில், இருபுறமும் ஊரே நின்று கத்த, ஓடி முடிப்பார்கள். இந்தப் போட்டியை டோனி வைஸ் என்பவர் 1973இல் தொடங்கியபோது வந்தவர்கள் 35 பேர். இன்று அந்த வாரத்தின் எல்லாப் போட்டிகளுக்கும் சேர்த்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். பெயர் நார்வேயிலிருந்து வந்தது. 1206இல் உள்நாட்டுப் போரின்போது, குழந்தையாக இருந்த இளவரசன் ஹாக்கோனை பிர்க்கெபைனர் என்ற படையைச் சேர்ந்த இரண்டு வீரர்கள் ஸ்கீயில் மலை தாண்டித் தூக்கிச் சென்று காப்பாற்றிய கதை அது.

சரி, பணம் எதற்கு? பயணச் செலவு எல்லோருக்கும் புரியும். ஸ்கீயும் மெழுகும்தான் வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. எங்கள் கவலை முழுக்க அதில்தான்.

ஸ்கீ நன்றாக வழுக்கிப் போக, அதன் அடிப்பாகத்தில் மெழுகை இஸ்திரிப் பெட்டியால் உருக்கித் தேய்த்து, ஆறியதும் சுரண்டி, பிரஷ் போட வேண்டும். பனியின் வெப்பநிலைக்குத் தகுந்தாற்போல் மெழுகு மாறும். ஹேவர்டில் பிப்ரவரிக் கடைசியில் மைனஸ் 20 டிகிரியும் இருக்கலாம், பனி உருகிச் சொதசொதவென்றும் இருக்கலாம். அதனால் ஒன்றிரண்டு டப்பாவோடு போக முடியாது. பனி பழசாகிச் சொரசொரப்பாக இருந்தால், போட்ட மெழுகு பாதி வழியிலேயே தேய்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு தள்ளலுக்கும் இரட்டிப்பு உழைப்பு. உடம்பு தயாராக இருந்தும் ஸ்கீ வழுக்காததால் ஒரு பிள்ளை பின்தங்குவதைப் பார்ப்பது எங்களுக்குப் பெரிய வேதனை.

முன்பு எல்லோரும் பூசிய ஃபுளோரின் மெழுகு உடலுக்கும் தண்ணீருக்கும் கேடு என்பதால், சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து அதை முழுதாக விலக்கிவிட்டது. பிர்க்கியிலும் அது கூடாது. இந்தத் தடையை மனதார வரவேற்கிறோம். மூடிய அறையில் நின்று அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நம் பிள்ளைகள்தானே. ஆனால் அணியிடம் இருந்த பழைய மெழுகு முழுவதையும் ஒதுக்கிவிட்டு, புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது.

ஸ்கீ விஷயம் இன்னும் முக்கியம். ஓடுபவரின் எடைக்கு ஏற்ற விறைப்பு இல்லாத ஸ்கீயில் யாராலும் நன்றாக ஓட முடியாது. இப்போது அணியில் நான்கு பேர் இரவல் ஸ்கீயில் பழகுகிறார்கள். நாங்கள் வாங்க நினைக்கும் நான்கு செட் ஸ்கீ, பூட்ஸ், கோல்கள் அணியின் பொதுச் சொத்தாக இருக்கும். அடுத்த ஆண்டு பணமில்லாமல் தயங்கி நிற்கும் மாணவருக்கு அதையே எடுத்துக் கொடுக்கலாம். இதற்கு 3,200 டாலரும், மெழுகு, இஸ்திரிப் பெட்டி, வேலை செய்யும் மேசைக்கு 1,300 டாலரும் ஆகும். பதிவுக் கட்டணம், வேன், இரண்டு இரவு தங்குமிடம் சேர்த்து 4,500. சாப்பாட்டை மாணவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

பனி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2017இல் போட்டியே ரத்தானது. 2024இல் செயற்கைப் பனி போட்ட சிறிய வளையத்தில், தூரத்தைக் குறைத்துத்தான் நடத்தினார்கள். இந்த முறை ரத்தானால், செலவாகாமல் கையில் இருக்கும் பயணப் பணம் முழுவதும் பொது ஸ்கீக்குப் போகும். எதற்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கை ரசீதுகளுடன், நன்கொடை கொடுத்தவர்கள் எல்லோருக்கும் மார்ச் மாதம் அனுப்புவோம்.

பத்து டாலரும் எங்களுக்குப் பெரிய உதவிதான். பணமாகத் தர முடியாதவர்கள், கராஜில் சும்மா கிடக்கும் ஸ்கேட் ஸ்கீ (பக்கவாட்டில் தள்ளி ஓடும் வகை), பூட்ஸ், மெழுகு போடும் மேசை இருந்தால் கொடுங்கள். பழைய ஸ்கீயில் ஃபுளோரின் மெழுகு இருந்தாலும் பரவாயில்லை, சுத்தம் செய்துகொள்வோம். ஹேவர்ட் பக்கம் வீடோ கேபினோ வைத்திருப்பவர்கள் இரண்டு இரவு இடம் கொடுத்தால், தங்குமிடச் செலவு அப்படியே மிச்சம். வேன் ஓட்ட ஒருவரும் தேவை.

நன்கொடையைக் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவரிடம் காசோலையாகத் தரலாம். காசோலையை அணியின் கணக்குப் பெயரில் மட்டும் எழுதுங்கள், தனிநபர் பெயரில் வேண்டாம். ஸ்கீயை ஜனவரி முதல் வாரத்திலேயே வாங்கினால்தான் பிள்ளைகளுக்குப் பழக ஆறேழு வாரம் கிடைக்கும். அதனால் டிசம்பர் 31க்குள் வந்து சேர்ந்தால் நல்லது.

அன்புடன்,
அணி ஆதரவுக் குழுவினர்