உவர்மலையிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

என் வயிற்றில் இருந்த கட்டியை உடையாமல் வெளியே எடுத்தவர்களுக்கும், அது அங்கே இருக்கக்கூடும் என்று முதலில் சந்தேகப்பட்டவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். பெண்களுக்கு வரும் நோயை ஊரறிய எழுதுவதா என்று உறவினர் சிலர் தயங்கினார்கள். திருகோணமலையில் பல்லாண்டுகள் கணிதம் படிப்பித்தவள் நான். மாணவிகள் முன்னால் உரத்துப் பேசியே பழகிவிட்டேன். கருப்பை, சூலகம் என்ற சொற்களை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

முதல் நன்றி எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு. அவர் என்னைப் பார்க்க வரவில்லை. பேரக்குழந்தையின் நிறையைப் பார்க்க வந்தவர். மருமகள் பேச்சுவாக்கில், "மாமிக்குத் திரும்பவும் இரத்தம் படுகிறது மிஸ்ஸி" என்று சொல்லிவிட்டாள். எனக்கு 50 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. 59 வயதில் மீண்டும் கண்டபோது, உடம்பு இளமைக்குத் திரும்புகிறது என்று உறவுக்காரப் பெண்கள் சிரித்தார்கள். மார்பு கனத்து வலித்ததையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தார்கள். ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டியபோது, பரிசோதிக்காமலே இரத்தத்தை நிறுத்தும் மாத்திரை தந்தனுப்பினார். மிஸ்ஸி குழந்தையை மருமகளிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "அம்மா, ஒரு வருடம் முழுதாக நின்ற பிறகு ஒரு துளி கண்டாலும் அது மாதவிடாய் இல்லை. காரணம் பார்த்தே ஆக வேண்டும்" என்றார். பெரும்பாலும் கருப்பை, யோனியின் உட்தோல் மெலிந்து போவதால்தான் இப்படி வரும், ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோயாக இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. அந்த வாரமே என்னைப் பெண்கள் நல கிளினிக்குக்கு வரச் செய்தார். மிஸ்ஸி, நீங்கள் அன்று குழந்தையின் நிறையை மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தக் கிளினிக்கில் என்னைப் பரிசோதித்த இளம் பெண் மருத்துவருக்கு அடுத்த நன்றி. கருப்பைக் கழுத்தைக் கண்ணால் பார்த்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தேடும் பாப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து, பிறகு அடிவயிற்றை நிதானமாக அழுத்திப் பார்த்தார். இடப்பக்கத்தில் ஏதோ கையில் தட்டுப்படுகிறது என்று சொல்லி, அன்றே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

அங்கே எனக்கு யோனிவழி ஸ்கான் எடுத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே நம் பெண்கள் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். எனக்கும் கால் நடுங்கியது. அந்த அறையில் இருந்த தாதி திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப் போகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, முடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். வலி இல்லை. வயிற்றின் மேலால் எடுக்கும் ஸ்கானைவிட இதில் சூலகமும் கருப்பையின் உட்படலமும் தெளிவாகத் தெரியும். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் கண்டால் அந்த உட்படலத்தின் தடிப்பைத்தான் முதலில் அளப்பார்கள். 4 மில்லிமீற்றருக்கு மேல் போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். எனக்கு 14 இருந்தது. இடது சூலகத்தில் 11 சென்ரிமீற்றர் அளவில் ஒரு கட்டி. உள்ளே பல அறைகள், இடையிடையே திண்மமான பகுதிகள்.

இனி வருவதை நான் கொஞ்சம் விரித்தே எழுதுவேன். என் உயிர் காப்பாற்றப்பட்டது ஒரு பெருக்கலில் என்று சொன்னால் அது மிகையல்ல.

சூலகப் புற்றுநோயில் உயரக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையின் முடிவு 28 என்று வந்தது. 35க்குக் கீழே இருந்தால் சாதாரணம் என்று தாளிலேயே அச்சிட்டிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. எங்கள் பெண்நோயியல் நிபுணருக்கு அந்த நிம்மதி இல்லை. சூலகப் புற்றுநோயின் முதலாம் நிலையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்த அளவு உயராமலே இருக்கும் என்றார். மறுபுறம், புற்றுநோயே இல்லாமல் கருப்பையில் நார்க்கட்டி இருந்தாலும், கருப்பை உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெற்ரியோசிஸ் இருந்தாலும், மாதவிடாய் நாட்களில்கூட அது உயரலாம். ஆகவே அந்த ஓர் எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது. 1990இல் இங்கிலாந்தில் வகுத்த ஒரு கணக்கை எனக்குத் தாளில் போட்டுக் காட்டினார். ஸ்கானில் சந்தேகத்துக்குரிய அடையாளம் ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3. இந்த இரண்டையும் சி.ஏ. 125 அளவோடு பெருக்க வேண்டும். எனக்கு 3, 3, 28. விடை 252. 200ஐத் தாண்டினாலே, புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் தேர்ந்தவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். "ரீச்சர், விடை சரிதானே?" என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது. சாதாரணம் என்று அச்சடித்து வந்த எண்ணுக்குள் இருந்த ஆபத்தைத் தேடி எடுத்த அந்த நிபுணருக்கு எப்படி நன்றி சொல்வது?

அவர் செய்யாமல் விட்ட ஒன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். வேறோர் இடத்தில் ஒருவர், ஊசி போட்டு உள்ளே இருக்கும் நீரை இழுத்துவிட்டால் கட்டி சுருங்கிவிடும், சத்திரசிகிச்சை தேவையில்லை என்று என் மகனிடம் சொல்லியிருந்தார். கேட்க இனிக்கும் யோசனை. எங்கள் நிபுணர் உறுதியாக மறுத்தார். சந்தேகத்துக்குரிய சூலகக் கட்டியில் ஊசி ஏற்றினால் அதில் உள்ள கலங்கள் வயிற்றறைக்குள் சிந்தலாம். புற்றுநோயாக இருந்தால், சூலகத்துக்குள் அடங்கிய 1ஏ நிலை அந்த ஒரு செயலாலேயே, கட்டி உடைந்து சிந்திய 1சி நிலை ஆகிவிடும். முழுதாக எடுக்கக்கூடியதை நாமே ஏன் உடைக்க வேண்டும் என்று மகனிடம் கேட்டார். அவன் அதன் பிறகு ஊசிப் பேச்சை எடுக்கவில்லை.

கருப்பை உட்படலத்திலிருந்து சிறு மாதிரி எடுத்துப் பயொப்சிக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை, உட்படலம் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறது என்று முடிவு வந்தது. அப்போதுதான் நிபுணர் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தார். 59 வயதில் கருப்பையை இப்படி வளர்க்க ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோன் எங்கிருந்து வருகிறது? சூலகத்தில் இருப்பது ஓமோன் சுரக்கும் கட்டியாக இருக்கலாம் என்று கடிதத்தில் எழுதினார். உறவினர் இளமை என்று சிரித்தது அந்தச் சுரப்பைத்தான்.

வாட்டில் என்னோடு இருந்த பெண்களையும் நான் மறக்கவில்லை. மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கை, கருப்பையின் உள்ளறையை நோக்கி வளர்ந்த நார்க்கட்டியால் மாதாமாதம் இரத்தம் இழந்து, வெளிறிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கட்டி என்றதும் புற்றுநோய் என்று நினைத்து, பிள்ளைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று அழுதவளுக்கு மருத்துவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். நார்க்கட்டி மிகப் பல பெண்களுக்கு இருப்பது, அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது, கருப்பையை வைத்துக்கொண்டே கட்டியை மட்டும் எடுக்கலாம் என்றார்கள். முதலில் இரத்தம் ஏற்றினார்கள். இன்னொரு பிள்ளை, திருமணமாகாதவள், திடீர் வயிற்றுவலியும் வாந்தியுமாக இரவில் கொண்டுவரப்பட்டாள். சூலகத்தில் இருந்த, உள்ளே முடியும் கொழுப்பும் கொண்ட டேமொயிட் கட்டி காம்போடு முறுக்கிக்கொண்டிருந்தது. தாமதித்திருந்தால் இரத்தம் ஓடாமல் சூலகமே போயிருக்கும். அந்த இரவிலேயே சத்திரசிகிச்சை செய்து முறுக்கை எடுத்துச் சூலகத்தைக் காப்பாற்றிய குழுவுக்கு, அவளுடைய தாயின் நன்றியையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தத் தாய் என் கட்டிலில்தான் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

என்னைக் கொழும்புக்கு அருகே மகரகமவில் உள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். கிண்ணியாவைச் சேர்ந்த வான் சாரதித் தம்பி, ஹபரணைக் காட்டில் யானை மறிக்கும் என்பதால் பொழுது சாய முன்னரே அந்தப் பகுதியைத் தாண்டிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் புறப்பட்டார். வழியில் நான் கேட்ட இடத்திலெல்லாம் நிறுத்தினார். டீசல் காசுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். தம்பி, உங்கள் பிள்ளைகள் கணிதத்துக்கு என்னிடம் வர வேண்டும். கட்டாயம்.

மகரகமவில் எனக்குச் சிங்களம் ஓரளவுதான் விளங்கியது. சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், தமிழ் தெரிந்த ஒரு தாதி ஒவ்வொரு வரியையும் எனக்கு விளங்கப்படுத்தினார். கருப்பை, இரண்டு சூலகங்கள், சூலகக் குழாய்கள் எல்லாம் எடுக்கப்படும், வயிற்றறையைக் கழுவிய நீரும் குடலை மூடியிருக்கும் கொழுப்பு மடிப்பில் ஒரு துண்டும் பரிசோதனைக்குப் போகும் என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்த குருநாகல் அக்கா, எனக்கு எழும்ப முடியாத நாட்களில் தன் மகளைக்கொண்டு என் தலையை வாரிவிட்டார். அவருடைய நோய் என்னுடையதைவிடக் கடினமானது. அவர் நலம்பெற வேண்டும் என்று பத்திரகாளி அம்மன் கோயிலில் விளக்கேற்றி வருகிறேன்.

சத்திரசிகிச்சை நிபுணர் வயிற்றை நெடுக்காகத் திறந்து, அவ்வளவு பெரிய கட்டியை ஒரு கீறலும் விழாமல் முழுதாக எடுத்தார். சிறிய வெட்டாகப் போட்டிருந்தால் பார்வைக்கு அழகாக இருந்திருக்கும், கட்டி உடைந்திருக்கவும் கூடும். என் வயிற்றில் இருக்கும் நீண்ட தழும்பை நான் நன்றியோடுதான் தடவிப் பார்க்கிறேன். நோயியல் நிபுணரின் அறிக்கை, ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் கிரனுலோசா கலக் கட்டி என்றது. அந்தக் கலங்களின் கருவில் நடுவே ஒரு கோடு ஓடும், நுணுக்குக்காட்டியில் கோப்பிக் கொட்டை போலத் தெரியும் என்று ஒரு பயிற்சி மருத்துவர் படம் கீறிக் காட்டினார். சூலகப் புற்றுநோய்களில் இது சிறுபான்மை வகை, நூற்றில் ஐந்து அளவுக்குத்தான் வரும். இந்த வகையில் ஏறக்குறைய எல்லோருடைய கட்டியிலும் ஒரே மரபணுவில் ஒரே மாற்றம் இருப்பதை 2009இல்தான் கண்டுபிடித்தார்கள் என்றும் அவரே சொன்னார். கேள்விமேல் கேள்வி கேட்ட இந்தக் கிழவிக்கு நேரம் ஒதுக்கிய அந்தப் பிள்ளை நல்ல மருத்துவராக வருவார்.

நிலை 1ஏ. கழுவிய நீரில் ஒன்றுமில்லை. கீமோ தேவையில்லை என்றார்கள். அன்று மகன் வைத்தியசாலை வாசலில் நின்று அழுதானாம். மருமகள் சொல்லித்தான் தெரியும்.

இரத்தம் தேவைப்படலாம் என்று கேட்டதும் வரிசையில் வந்து நின்ற என் பழைய மாணவர்களுக்கும், நான் வீட்டில் இல்லாத நாட்களில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அன்ரிக்கும், என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போதெல்லாம் மேடு பள்ளம் பார்த்து மெதுவாகத் தள்ளிய சிற்றூழியர்களுக்கும், மாதம் தவறாமல் கனடாவிலிருந்து பணம் அனுப்பிய தம்பிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

இந்தக் கட்டி பத்து, இருபது வருடங்கள் கழித்தும் திரும்பி வரக்கூடிய குணம் கொண்டது. அதனால் ஆயுள் முழுவதும் கிளினிக்குக்கு வர வேண்டும், இந்தக் கட்டி சுரக்கும் இன்ஹிபின் என்ற ஓமோனை அளக்கும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டிருக்க வேண்டும். நான் வருவேன். அடுத்த தவணைக்கு வரும்போது திருகோணமலை ஸ்கான் அறையில் என் கையைப் பிடித்திருந்த தாதியைத் தேடி நேரிலும் நன்றி சொல்லவிருக்கிறேன். ஸ்கான் அறை மிஸ்ஸி, அன்று விடுமுறை எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.