ஆரவல்லியை உயரத்தால் அளக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடமேற்கு இந்தியாவின் ஆரவல்லி மலைத்தொடரில் சுரங்கத் தொழிலை ஒழுங்குபடுத்துவதற்காக, சுற்றியுள்ள நிலமட்டத்திலிருந்து 100 மீட்டராவது உயர்ந்து நிற்பதே ஆரவல்லிக் குன்று என்ற வரையறையை 2025 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றம், எதிர்ப்பு வலுத்ததைத் தொடர்ந்து, டிசம்பர் 29 அன்று அவ்வுத்தரவைத் தானே நிறுத்தி வைத்தது. இது ஆறுதல் அளித்தாலும், உயரம்தான் அளவுகோல் என்ற எண்ணம் இன்னும் கைவிடப்படவில்லை என்பதே என் கவலை.

ராஜஸ்தானின் வறண்ட நிலத்தில் சில வாரங்களே பெய்யும் பருவமழை, வெடிப்பு விழுந்த பாறைகளின் வழியே இறங்கித்தான் அடிவாரக் கிணறுகளைச் சேர்கிறது. இதற்குக் குன்று 100 மீட்டர் இருக்க வேண்டியதில்லை. அல்வர் மாவட்டத்துக் கிராம மக்கள் 1980-களின் நடுப்பகுதியிலிருந்து, தருண் பாரத் சங்கம் என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு, சரிவில் வழிந்தோடும் நீரை மறித்து அரைவட்டமாக மண்கரை எழுப்பினார்கள். ‘ஜோஹட்’ எனப்படும் அந்தக் குட்டையில் தேங்கும் நீர் கோடைக்குள் வற்றிவிடும். மண்ணுக்குள் இறங்கியதோ கிணற்றில் நிற்கும். வறண்டு கிடந்த அர்வரி ஆறு மீண்டும் ஓடத் தொடங்கியது இப்படித்தான். சரிவையே வெட்டியெடுத்துவிட்டால் கரை கட்டி என்ன பயன்?

நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டும் சுரங்கங்களில், குழிக்குள் ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்து வெளியேற்றினால்தான் வேலை நடக்கும். அப்படி இறைக்கப்படுவது அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு உரிய நீர். ராஜஸ்தானில் ஆராயப்பட்ட 128 குன்றுகளில் 31 மறைந்தே போயின என்று 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட தகவலைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. போன குன்றை எந்த அபராதமும் திருப்பித் தராது.

வேட்டையால் 2005-க்குள் புலிகளை முற்றாக இழந்த, ஆரவல்லியில் உள்ள சரிஸ்கா புலிகள் காப்பகத்துக்கு, 2008 முதல் ரந்தம்பூரிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் வாரிசுகள் வேறு காட்டை நாடிச் செல்லவும், சிறுத்தையும் கழுதைப்புலியும் பகலில் பதுங்கவும், இடையிலுள்ள தாழ்ந்த குன்றுகள் அறுபடாமல் இருக்க வேண்டும்.

எனவே, வரையறையை மறுபடி ஆராயும் குழுவில் நிலத்தடி நீர், காட்டுயிர் வல்லுநர்களுக்கு உரிய இடம் தரவேண்டும். அடிவாரக் கிராமங்களின் கிணற்று நீர்மட்டத்தை நேரில் சென்று பதிவு செய்ய வேண்டும். அந்த அறிக்கை வரும்வரை எந்தக் குன்றிலும், அது எவ்வளவு சிறியதாயினும், புதிய சுரங்கக் குத்தகை வழங்கக் கூடாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருநெல்வேலி.