டிசம்பரில் எங்களுக்கு லீவு இல்லை

ஆசிரியருக்கு,

கிறிஸ்துமஸ் நெருங்கினாலே எங்களைப் போன்ற பேராசிரியர்களிடம் "உங்களுக்கென்ன, வகுப்பு முடிஞ்சாச்சு, ஜாலிதான்" என்று சொல்லாத சொந்தக்காரர்களே இல்லை. வகுப்பு முடிவது உண்மைதான், ஆனால் அப்போதுதான் விடைத்தாள் கட்டு வந்து சேர்கிறது, விடுமுறைக்கு முன் மதிப்பெண்ணைக் கணினியில் பதிந்தாக வேண்டும், நடுவில் பரிந்துரைக் கடிதம் கேட்டு மாணவர்கள் வேறு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் டிசம்பர் 1 அல்லது 15. முந்தின நாள் ராத்திரிதான் "சார், மறந்துட்டேன்" என்று மின்னஞ்சல் வரும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு தனி இணையதளம், தனி பாஸ்வேர்டு, இந்த மாணவர் முதல் 5 சதவீதத்தில் வருவாரா 10 சதவீதத்தில் வருவாரா என்று டிக் அடிக்கச் சொல்லும் படிவம். கடிதம் எழுதுவதைவிட அதை ஏற்றத்தான் நேரம் போகிறது.

அப்புறம் விருந்துகள். போகாவிட்டால் தலைக்கனம் என்பார்கள், போனால் கையில் தட்டோடு நின்றுகொண்டு யார் கட்டுரையை எந்த ஆய்விதழ் திருப்பி அனுப்பியது என்றே பேசுகிறோம்.

அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் (மொழி, இலக்கியப் பேராசிரியர்களின் பெரிய அமைப்பு) தன் ஆண்டு மாநாட்டை முன்பெல்லாம் டிசம்பர் 27 முதல் 30 வரை நடத்தும். கல்லூரி ஆசிரியர் வேலை தேடும் இளைஞர்கள் பண்டிகை முடிந்த கையோடு அங்கே நடக்கும் நேர்காணலுக்கு ஓட வேண்டும். 2011 முதல் அதை ஜனவரிக்குத் தள்ளிவிட்டார்கள். சங்கத்தால் முடிந்தது கல்லூரி நிர்வாகங்களால் முடியாதா? மதிப்பெண் கெடுவை ஜனவரிக்கு மாற்றுங்கள், அந்தக் கடைசி வாரக் கமிட்டி கூட்டத்தையாவது விட்டுவிடுங்கள்.

- ஒரு பேராசிரியர்